நடுவயிற்றுக்கு வரும் பந்து: ஃபோர்ஹேண்டா, பேக்ஹேண்டா?

மாலை6மணி

வணக்கம் நண்பர்களே. கோவையில் ஒரு சின்ன கிளப்பில் இரண்டு வருடமாக டேபிள் டென்னிஸ் ஆடுகிறேன். வயது 38. வலது கை, ஷேக்ஹேண்ட் பிடி (கைகுலுக்குவது போல), பேட்டின் இரண்டு பக்கமும் பிளெயின் ரப்பர் (வழவழப்பானது). ஆபீஸ் முடிந்து ஆறு மணிக்குப் போனால் எட்டரை வரை ஆடுவோம்.

தனித்தனியாகப் பார்த்தால் என் ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கைப் பக்கத்தால் அடிப்பது) பரவாயில்லை, பேக்ஹேண்டும் (புறங்கைப் பக்கத்தால் அடிப்பது) பரவாயில்லை. பயிற்சியில் மூலைக்கு மூலை சலிக்காமல் போடுவேன். மேட்ச் என்று வந்துவிட்டால் எதை எப்போது ஆடுவது என்பதில்தான் மாட்டிக்கொள்கிறேன். முக்கியமாக உடம்புக்கு நேராக, வலது பாக்கெட் பக்கம் வரும் பந்து.

போன சனிக்கிழமை கிளப் லீக். நாலாவது கேம், 9-9. என் சர்வை எதிராளி நீளமாகப் புஷ் செய்தார், அதாவது அடிக்காமல் மெதுவாகத் தள்ளினார். பெரிய வேகம் ஒன்றுமில்லை. நேராக என் வலது இடுப்புக்கு வந்தது. ஃபோர்ஹேண்டுக்குப் பேட்டைப் பின்னால் கொண்டுபோனேன். பாதியில் மனசு மாறிப் பேக்ஹேண்டுக்குத் திருப்பினேன். பந்து கட்டைவிரல் நகத்தில் பட்டு வலையில் இடித்து விழுந்தது. பேட் பிடித்த கையில் மணிக்கட்டுக்குக் கீழே பட்டுப் போனாலும் செல்லும் என்பது விதி, ஆனால் பந்து வலையைத் தாண்டவில்லை. அடுத்த பந்தையும் அவர் அதே இடத்துக்கே அனுப்பினார். கேம் போனது, மேட்சும் போனது.

எங்கள் கிளப்பில் இரண்டு கட்சி. பெரியவர்கள் "எல்லாத்தையும் ஃபோர்ஹேண்ட்ல ஆடு, கால் ஓடணும்" என்கிறார்கள். காலேஜ் பையன்கள் "அது பழைய ஆட்டம்ணா, பேக்ஹேண்ட்ல ஆரம்பிங்க" என்கிறார்கள். இருவர் சொல்வதையும் கேட்டு எனக்கு இருந்த தெளிவும் போய்விட்டது. நீங்களெல்லாம் எப்படித் தேர்வு செய்கிறீர்கள்?

பயிற்சிக்கூடம்

வணக்கம் சார். மதுரையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், 14 வருடமாகிறது. நீங்கள் சொல்லும் இடத்துக்கு "எல்போ" என்றே பெயர். பேட் பிடித்த கையின் முழங்கை இருக்கும் இடம்தான் ஃபோர்ஹேண்டும் பேக்ஹேண்டும் கைமாறும் எல்லை. கொஞ்சம் தெரிந்தவர் யாரானாலும் 9-9-ல் அங்கேதான் போடுவார். உங்கள் எதிராளி ஆட்டம் தெரிந்தவர்.

முதலில் ஒரு விஷயம். அந்த எல்லை மேசையின் நடுக்கோட்டில் இல்லை, உங்கள் உடம்பில் இருக்கிறது. நீங்கள் ஒரு அடி இடதுபக்கம் நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். "நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் வந்தால் ஃபோர்ஹேண்ட், இடப்பக்கம் வந்தால் பேக்ஹேண்ட்" என்று மேசையைப் பார்த்து முடிவெடுக்கிறவர்கள் நிறையப் பேர். அங்கேயே கோளாறு தொடங்குகிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆடும் நிலையில் நில்லுங்கள், முழங்கால் மடித்து, பேட் தொப்புளுக்கு முன்னால். ஒருவரை எதிரே நிற்க வைத்துப் பந்தை உங்கள் இடது தோளிலிருந்து ஆரம்பித்து வலது தோள் வரை ஒவ்வொரு சாணாகத் தள்ளித் தள்ளி வீசச் சொல்லுங்கள். தொப்புளுக்கு நேரே வருவது பேக்ஹேண்டில் சுகமாக விழும், ஏனென்றால் பேக்ஹேண்டில் பந்தை அடிக்கும் இடமே உடம்புக்கு முன்னால்தான். வலது தோளுக்கு வெளியே வருவது ஃபோர்ஹேண்டில் சுகமாக விழும், அங்கே அடிக்கும் இடம் உடம்புக்குப் பக்கவாட்டில், சற்று முன்னால். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு எதிலும் சுகமில்லாத இடம் ஒன்று தெரியும். அந்த ஒரு சாண்தான் உங்கள் 9-9.

அங்கே பந்து வந்தால் கை மட்டும் வேலை செய்து பயனில்லை. உடம்பு விலகி வழி விடவேண்டும். பேக்ஹேண்ட் ஆடுவதென்றால் வலதுபக்கம் அரை அடி நகர்ந்து பந்தைத் தொப்புளுக்கு நேரே கொண்டுவர வேண்டும். ஃபோர்ஹேண்ட் என்றால் இடதுபக்கம் விலகி இடுப்பைத் திருப்பி இடம் உண்டாக்க வேண்டும். பேக்ஹேண்டுக்குத் தேவைப்படும் நகர்வு சின்னது. ஃபோர்ஹேண்டுக்குத் தேவைப்படுவது பெரியது.

அதனால் நான் பிள்ளைகளுக்குச் சொல்வது: வேகமாக எல்போவுக்கு வந்தால் பேக்ஹேண்ட், மெதுவாக வந்தால் ஃபோர்ஹேண்ட். மேசையின் நீளம் 2.74 மீட்டர். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் பந்து அதைக் கடக்கக் கால் நொடிக்குச் சற்றே கூடுதலாகும். கண் பார்த்துக் கை அசையத் தொடங்கவே கிட்டத்தட்ட 0.2 நொடி போய்விடும். மிச்சத்தில் இடுப்பைத் திருப்பிக் கையைப் பின்னால் கொண்டுபோக நேரமில்லை. பேக்ஹேண்ட் குறுகிய அசைவு, முழங்கைக்குக் கீழே மட்டும் வேலை செய்தாலும் பந்து போய்விடும்.

உங்களுக்கு வந்தது மெதுவான புஷ். அது ஃபோர்ஹேண்டுக்கான பந்துதான். முதலில் எடுத்த முடிவு சரி. கால் நகராமல் கை மட்டும் பின்னால் போனதால் இடம் போதவில்லை, அதனால் மனசு மாறியது.

பொன்மலை

தம்பி, நான் பென்ஹோல்டு ஆள், பேனா பிடிப்பதுபோலப் பேட்டைப் பிடிக்கிறவன். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில், ஒரு கேம் 21 பாயிண்டாக இருந்த காலத்தில் கற்றுக்கொண்டது. எங்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. பேட்டில் ஒரு பக்கம்தான் ரப்பர். பேக்ஹேண்ட் பக்கம் வந்தால் அதே முகத்தால் தள்ளலாம், மடக்கலாம், பாயிண்ட் எடுக்க முடியாது. ஆகவே மேசை முழுக்க ஓடி ஓடி ஃபோர்ஹேண்ட். காலையில் ஐந்தரைக்கு மேசை இல்லாமல் வெறும் தரையில் சாக்பீஸில் கோடு போட்டு, இரண்டு மூலைக்கும் நடுவே பக்கவாட்டில் தாண்டிக்கொண்டே இருப்போம். அதற்கப்புறம்தான் பேட்டைக் கையில் தொட விடுவார்கள்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியாட்டத்தைப் பாருங்கள். கொரியாவின் ரியூ சியுங்-மின், சீனாவின் வாங் ஹாவ். இருவரும் பென்ஹோல்டு. வாங் ஹாவ் பேட்டின் பின்பக்கத்திலும் ரப்பர் ஒட்டிப் பேக்ஹேண்ட் லூப் (பந்தைச் சுழற்றி அடிப்பது) போட்டவர். ரியூ எங்களைப் போல ஒற்றைப் பக்கம். இடது மூலையைச் சுற்றி ஓடி ஃபோர்ஹேண்ட், உடனே வலது மூலைக்குப் பாய்ந்து மறுபடி ஃபோர்ஹேண்ட். 4-2 என்று ரியூ ஜெயித்தார். கால் இருந்தால் தேர்வு என்று ஒன்று தேவையில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

உங்கள் கிளப் பெரியவர்கள் சொல்வதைத் தட்டாதீர்கள்.

ஃபிளிக்பிரியன்

ஐயா, அந்த மேட்சை நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உடம்பு சிலிர்க்கும். ஆனால் அதற்கப்புறம் ஒற்றைப் பக்க பென்ஹோல்டில் ஒலிம்பிக் ஒற்றையர் தங்கம் யாரும் வாங்கவில்லையே. 2008-ல் தங்கம் வாங்கிய மா லின் பென்ஹோல்டுதான், ஆனால் அவரும் பின்பக்கம் ரப்பர் வைத்திருந்தார். இப்போது பிரான்சின் ஃபெலிக்ஸ் லெப்ரன் பென்ஹோல்டு பிடியிலேயே பின்பக்கத்தால் பேக்ஹேண்ட் ஆடி 2024 பாரிஸில் வெண்கலம் எடுத்தார். பிடி பழசு, ஆட்டம் இரண்டு பக்கமும்.

பேக்ஹேண்ட் ஏன் இவ்வளவு பெரிதானது என்பதற்கு ரிசீவை, அதாவது சர்வைத் திருப்புவதைப் பார்க்க வேண்டும். வலையை ஒட்டிக் குட்டையாக ஒரு கட் (பின்சுழற்சி) சர்வ் வருகிறது, மேசைக்குள் இரண்டு குத்து குத்தக்கூடிய பந்து. ஃபோர்ஹேண்டில் அடிக்கக் கையைப் பின்னால் கொண்டுபோக முடியாது, மேசை தடுக்கும். மணிக்கட்டும் அந்தப் பக்கம் அதிகம் மடங்காது. பேக்ஹேண்டில் முழங்கையை உயர்த்தி, பேட் நுனி நம் வயிற்றைப் பார்க்கிற அளவுக்கு மணிக்கட்டை உள்ளே சுருட்டிக்கொள்ளலாம். அந்தச் சுருளை அவிழ்த்தால் மேசைக்கு மேலேயே டாப் ஸ்பின் (முன்சுழற்சி) கிடைக்கும். அதுதான் பனானா ஃபிளிக். சீனாவின் சாங் ஜிகே 2011 ராட்டர்டாம் உலகச் சாம்பியன்ஷிப்பையும் 2012 லண்டன் தங்கத்தையும் வென்றபோது, ரிசீவ் செய்கிறவனும் முதல் பந்திலேயே தாக்கலாம் என்று ஊருக்கே தெரிந்தது.

அதனால் இப்போது ஃபோர்ஹேண்ட் பக்கம் குட்டையாக வரும் பந்தைக்கூட வலது காலை மேசைக்கு அடியில் வைத்துப் பேக்ஹேண்டில் எடுக்கிறார்கள். இரட்டையரில் இன்னும் தெளிவாகத் தெரியும். சர்வ் கண்டிப்பாக ரிசீவரின் வலது பாதியில்தான் விழவேண்டும். வலது கைக்காரருக்கு அது ஃபோர்ஹேண்ட் பக்கம். அப்படியிருந்தும் நிறையப் பேர் அங்கே பேக்ஹேண்டோடு காத்து நிற்பதைப் பார்க்கலாம்.

மாலை6மணி அண்ணா, ரிசீவில் பேக்ஹேண்டைத் தாராளமாக நம்புங்கள்.

பொன்மலை

ஃபோர்ஹேண்ட் மூலைக்குள் உடம்பை நுழைத்துப் பேக்ஹேண்டில் எடுத்துவிட்டு, அடுத்த பந்து இடது மூலைக்கு நீளமாக வந்தால் என்ன செய்வீர்கள் தம்பி? மேசைக்குள் நுழைந்த கால் வெளியே வரவேண்டாமா?

ஃபிளிக்பிரியன்

அது உண்மை ஐயா. நான் அந்தப் பந்தை இழந்துகொண்டுதான் இருக்கிறேன்.

நீளப்பிம்பிள்

இங்கே எல்லோரும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ரப்பர் என்று வைத்துப் பேசுகிறீர்கள். நான் பேக்ஹேண்டில் லாங் பிம்பிள்ஸ் (நீளமான ரப்பர் முனைகள் வெளியே நீட்டியிருப்பது), ஃபோர்ஹேண்டில் பிளெயின். சேலத்தில் ஆடுகிறேன், இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு மறுபடி தொடங்கியது.

எனக்குத் தேர்வு என்பது "எது வசதி" என்ற கேள்வி கிடையாது. "என்ன ஸ்பின் திரும்பிப் போகவேண்டும்" என்ற கேள்வி. டாப் ஸ்பின்னை லாங் பிம்பிளால் பிளாக் செய்தால் (பேட்டைக் காட்டித் தடுத்தால்) எதிராளிக்குக் கட்டாகப் போகும். கட் வந்ததை அதிலேயே தள்ளினால் ஸ்பின் இல்லாமலோ லேசான டாப் ஸ்பின்னாகவோ மிதந்து போகும். ஒரே எல்போ பந்தை எந்தப் பக்கத்தால் எடுக்கிறேன் என்பதைப் பொறுத்து அடுத்து எனக்கு வரும் பந்தே வேறாகிவிடும்.

நம் நாட்டுப் பெண்கள் ஆட்டத்தில் இந்த வழிக்குப் பெரிய மரியாதை உண்டு. மணிகா பத்ரா பேக்ஹேண்டில் பிம்பிள்ஸ் வைத்து 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் ஒற்றையர் தங்கம் வாங்கினார். 2024 பிப்ரவரியில் பூசானில் நடந்த உலக அணிப் போட்டியில் ஐஹிகா முகர்ஜி, அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த சீனாவின் சுன் யிங்ஷாவை வென்றார். அதே சந்திப்பில் ஸ்ரீஜா அகுலா, வாங் யிதியை வென்றார். அணியாக 2-3 என்று தோற்றோம். ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களும் என் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்று சொல்ல வார்த்தையில்லை. "ரப்பரை வெச்சு ஏமாத்துறீங்க" என்று என்னிடம் எத்தனை பேர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். விதிப்படி ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வேறு பளிச்சென்ற நிறம். எது எந்தப் பக்கம் என்று எதிரே நிற்பவர் பார்த்துக்கொண்டேதான் ஆடுகிறார்.

மாலை6மணி தம்பிக்கு நான் சொல்வது இதுதான். எல்போ பந்தில் பாயிண்ட் எடுக்கவேண்டும் என்று ஏன் கட்டாயம்? நான் அந்தப் பந்தில் எப்போதுமே பேக்ஹேண்ட். தாக்குவதில்லை. எதிராளியின் எல்போவுக்கே திருப்பி வைக்கிறேன். எனக்கு இருக்கும் அதே ஒரு சாண் சங்கடம் அவருக்கும் இருக்கிறது.

மாலை6மணி

அக்கா, கடைசி வரியைக் காகிதத்தில் எழுதி பேட் உறைக்குள் வைத்துவிட்டேன். நன்றி.

பயிற்சிக்கூடம் சார், நீங்கள் சொன்ன சோதனையை நேற்று வீட்டில் செய்தேன், என் பெண் பந்து வீசினாள். அந்த ஒரு சாண் இடம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் ஒரு சந்தேகம். வேகமா மெதுவா என்று பந்து வந்தபிறகு பார்த்துத் தீர்மானித்தால் அதற்கே நேரம் போய்விடாதா?

பயிற்சிக்கூடம்

சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள் சார். இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

பந்து வந்தபிறகு யாரும் தேர்வு செய்வதில்லை. அப்படித் தோன்றும், அவ்வளவுதான். எந்த ஸ்ட்ரோக் ஆடப்போகிறீர்கள் என்பது பெரும்பாலும் உங்களுடைய முந்தைய பந்திலேயே முடிவாகிவிடுகிறது. நீங்கள் எங்கே போட்டீர்கள், என்ன ஸ்பின், எவ்வளவு வேகம். அதை வைத்துத்தான் எதிராளியால் என்ன செய்ய முடியும் என்பது குறுகுகிறது. எதிராளிக்கு வழி குறையக் குறைய உங்களுக்கு நேரம் கூடும்.

உங்கள் 9-9 பந்தையே எடுப்போம். சர்வ் உங்களுடையது. என்ன போட்டீர்கள் என்று எழுதவில்லை. ஒரு ஊகம்: பேக்ஹேண்ட் பக்கம் நீளம் சரியாக விழாத ஒரு கட் சர்வ். அவருக்கு வசதியாக வந்ததால் நிதானமாக உங்கள் இடுப்பைப் பார்த்துப் புஷ் செய்தார். அதே கட் சர்வ் அவருடைய ஃபோர்ஹேண்ட் பக்கம் வலையருகே குட்டையாக விழுந்திருந்தால்? கையை நீட்டி, வலது காலை மேசைக்கடியில் வைத்து எட்டி எடுக்கிறவரால் நினைத்த இடத்துக்கெல்லாம் துல்லியமாக வைக்க முடியாது. அவர் பேட்டின் முகம் எங்கே பார்க்கிறது என்று நீங்கள் படிக்கவும் நேரம் கிடைக்கும்.

இன்னொன்று கோணம். நீங்கள் எவ்வளவு அகலமாகக் கொடுக்கிறீர்களோ அவ்வளவு அகலமாகத் திரும்பி வரும். எதிராளியின் பேக்ஹேண்ட் மூலைக்கு வெளியே போகிற மாதிரி அடித்தால், அவரால் உங்கள் பேக்ஹேண்ட் பக்கத்துக்கு வெளியே போகிற மாதிரியும் அடிக்க முடியும். நடுவில், அவர் எல்போவில் போட்டால் அவருக்கு அகலக் கோணம் கிடைக்காது. நீளப்பிம்பிள் மேடம் சொன்ன யோசனைக்குள் இதுவும் இருக்கிறது. அவரை நெருக்கடியில் வைப்பதோடு, திரும்பி வருவதும் பெரும்பாலும் நடுவை ஒட்டியே வரும். முன்கூட்டியே ஒரு அடி இடதுபக்கம் விலகி நின்று ஃபோர்ஹேண்டுக்குத் தயாராகலாம்.

பேக்ஹேண்ட் மூலையைச் சுற்றி ஓடி ஃபோர்ஹேண்ட் போடும் பிவோட்டும் இப்படித்தான். பொன்மலை ஐயா சொல்லும் அந்த ஓட்டம் அழகு, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஓடுவதற்கு முன்பே இரண்டு பதில் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பந்து மெதுவாக வரப்போகிறதா? அடித்தபின் நான் எங்கே நிற்பேன்? பிவோட் செய்து நேர்க்கோட்டில் எதிராளியின் ஃபோர்ஹேண்டுக்கு அடித்துவிட்டு அது பாயிண்ட் ஆகவில்லை என்றால், குறுக்கே உங்கள் காலி வலது மூலைக்கு வருவதுதான் அவருக்கு இயல்பான அடி. குறுக்காக அவர் பேக்ஹேண்டுக்கோ எல்போவுக்கோ அடித்தால் திரும்பி வருவதற்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். பிள்ளைகள் பிவோட் செய்து அடித்த பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவார்கள். அடி முடியும்போதே இடது கால் தரையை உதைத்திருக்க வேண்டும்.

இடதுகை

புதுச்சேரியிலிருந்து. மேலே சொன்னது வலது கை எதிராளிக்கு. என்னைப் போன்ற இடது கைக்காரர் எதிரே நின்றால் கணக்கு மாறும்.

நீங்கள் பேக்ஹேண்ட் மூலையிலிருந்து பிவோட் செய்து குறுக்கே அடித்தால் அது நேரே என் ஃபோர்ஹேண்டுக்கு வரும். அதற்காகத்தான் காத்திருப்போம். அதை நேர்க்கோட்டில் உங்கள் காலி மூலைக்குத் தட்டிவிட்டால் போதும், வேகம்கூட வேண்டாம். எனவே இடது கைக்காரரோடு ஆடும்போது இடது மூலையில் பேக்ஹேண்டை நம்பி நில்லுங்கள். உங்கள் ஃபோர்ஹேண்டின் குறுக்கு அடி எங்கள் பேக்ஹேண்டுக்கு வருகிறது, உங்களுக்கு லாபம் அங்கேதான்.

எங்கள் பெண்டுலம் சர்வ் (கையை ஊசல்போல வீசிப் போடுவது) உங்கள் ஃபோர்ஹேண்ட் பக்கம் வெளியே வளைந்து ஓடும். அதைப் பேக்ஹேண்டில் எடுக்கப் பாய்ந்தால் பந்து உங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கும். ஃபோர்ஹேண்டிலேயே எடுங்கள்.

ஃபிளிக்பிரியன்

சென்னைக்காரர்கள் இரண்டு பேரை வைத்தே இந்த விவாதத்தைப் பேசலாம் என்று தோன்றுகிறது. சரத் கமல் நல்ல உயரம், மேசையிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று கை முழுக்க வீசும் ஃபோர்ஹேண்ட். 2006 மெல்போர்னில் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம், 16 வருடம் கழித்து 2022 பர்மிங்ஹாமில் மறுபடி தங்கம். டோக்கியோ ஒலிம்பிக்கில் சீனாவின் மா லாங்கிடம் 1-4 என்று தோற்றாலும் இரண்டாவது கேமை 11-8 என்று எடுத்தார். சத்தியன் மேசையை ஒட்டி நின்று, பந்து எழும்பும்போதே எடுக்கிற வேகமான பேக்ஹேண்ட். 2019-ல் உலகத் தரவரிசையில் 24 வரை போனார். இருவரும் ஒரே ஊர், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்திய அணி வெண்கலம் வாங்கும்போது சேர்ந்தே ஆடினார்கள். ஆட்டம் மட்டும் இரண்டு துருவம்.

சரத் பேக்ஹேண்ட் ஆடாதவரில்லை, சத்தியன் ஃபோர்ஹேண்ட் இல்லாதவரில்லை. எதை வைத்துப் பாயிண்டை முடிக்கிறார்கள், எதை வைத்து அதற்கு வழி போடுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். நான் இதுவரை இரண்டையும் ஒன்றாக நினைத்திருந்தேன். பயிற்சிக்கூடம் சார் எழுதியதைப் படித்தபின்தான் அவர்கள் வீடியோக்களை அடிக்கு முந்தைய அடியிலிருந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறேன்.

மூட்டுவலி55

திருநெல்வேலி. வயது என் பெயரிலேயே இருக்கிறது. முப்பது வருடம் பிவோட் ஆட்டம் ஆடியவன். இடது முழங்காலில் தேய்மானம் என்று டாக்டர் சொன்னபிறகு ஒரு வருடம் பேட்டைத் தொடவில்லை. வீட்டில் பேட் இருக்கிற அலமாரியைத் திறக்கவே மனம் வரவில்லை.

திரும்பி வந்தபோது பேக்ஹேண்டை அடியிலிருந்து கற்றேன். ஐம்பத்து மூன்று வயதில். எனக்கு அதில் பெரிய தடையாக இருந்தது பிடி. ஃபோர்ஹேண்டே கதியென்று இருந்ததால் பேட் கையில் திரும்பி, ஃபோர்ஹேண்டுக்குத் தோதாக உறைந்துபோயிருந்தது. பேக்ஹேண்ட் ஆடும்போது முகம் வானத்தைப் பார்க்கும், பிளாக் எல்லாம் மேலே பறக்கும். ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் பேட்டின் விளிம்பு நேராக உட்காரும்படி பிடியை மாற்றிக்கொள்ள மூன்று மாதம் ஆனது. இப்போது பேக்ஹேண்டுக்குக் கட்டைவிரலைக் கொஞ்சம் அழுத்துகிறேன், ஃபோர்ஹேண்டுக்கு ஆள்காட்டி விரல். பிடி அப்படியே இருக்கும்.

மாலை6மணி, எல்போவில் மாட்டிக்கொள்ளும்போது உங்கள் பிடி எப்படி இருக்கிறது என்று ஒருதடவை பாருங்கள். பிடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்த ஒரு சாண் இரண்டு சாணாகிவிடும்.

பொன்மலை

மூட்டுவலி ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எனக்கும் 67 ஆகிறது. கால் ஓடும் வரைக்கும் நான் சொன்னது சரி. அதற்கப்புறம் நீங்கள் சொன்னது சரி. பேட்டின் பின்பக்கம் ரப்பர் ஒட்டிப் பார்க்கலாமா என்று இந்த வாரம் முதல்முறையாக நினைத்தேன்.

மாலை6மணி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில், பயிற்சிக்கூடம் சாரின் ஊகம் அப்படியே சரி. கிளப்பில் ஒரு தம்பி அந்த லீக் மேட்சை போனில் எடுத்திருந்தான். பார்த்தேன். 9-9-ல் என் சர்வ் பேக்ஹேண்ட் பக்கம் பாதி நீளம். அதோடு இன்னொன்றும் தெரிந்தது. சர்வ் போட்டபிறகு நான் மேசையின் இடது மூலையிலேயே சிலைபோல நிற்கிறேன், பேட் இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. எதிராளி புஷ் செய்யும்போதுகூட பேட் மேலே வரவில்லை. எல்போ என்று ஒரு சாண் இடத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எங்கே வந்திருந்தாலும் மாட்டியிருப்பேன்.

மூட்டுவலி ஐயா, என் பிடியும் ஃபோர்ஹேண்ட் பக்கம் சாய்ந்துதான் இருந்தது. சரிசெய்ததும் முதல் வாரம் ஃபோர்ஹேண்ட் எல்லாம் வலையில் போனது. இப்போது பரவாயில்லை.

பயிற்சியில் இரண்டு மாற்றம் செய்தேன். ஒன்று ஃபால்கன்பெர்க். இடது மூலையில் ஒரு பேக்ஹேண்ட், அதே மூலையில் சுற்றி ஓடி ஒரு ஃபோர்ஹேண்ட், பிறகு வலது மூலைக்குப் பாய்ந்து ஒரு ஃபோர்ஹேண்ட், மறுபடி முதலிலிருந்து. பெயர் ஸ்வீடனில் உள்ள ஒரு கிளப்பிலிருந்து வந்ததாம். ஐந்து சுற்று முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். இரண்டாவது, என் பார்ட்னர் பேக்ஹேண்ட் மூலைக்கும் எல்போவுக்கும் முறையில்லாமல் மாற்றி மாற்றிப் போடுவார், வேகத்தையும் மாற்றுவார். அவர் பந்தை அடிப்பதற்கு முன்னால் "வேகம்" அல்லது "மெது" என்று நான் வாய்விட்டுச் சொல்லவேண்டும். முதல் நாள் பந்து என் பக்கம் விழுந்தபிறகுதான் வாயே திறந்தது. இப்போது அவர் தோள் திரும்புவதைப் பார்த்தே சொல்ல வருகிறது. பின்னால் கை போகாமல் பேட்டை முன்னால் தள்ளினால் மெது. தோள் திரும்பினால் வேகம். இத்தனை நாள் நான் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், ஆளைப் பார்க்கவே இல்லை.

நேற்று அதே எதிராளியோடு மறுபடி ஆடினேன், சும்மா ஒரு மேட்ச். ஃபோர்ஹேண்ட் பக்கம் குட்டையாக சர்வ் போட்டுப் பார்த்தேன். பாதி நேரம் குட்டையாக விழாமல் நீண்டுவிடுகிறது, அப்போதெல்லாம் அடித்துவிட்டார். சரியாக விழுந்தபோது அவர் எட்டிப் புஷ் செய்தார், மெதுவாக நடுவில் வந்தது. இரண்டு தடவை இடதுபக்கம் விலகி ஃபோர்ஹேண்டில் எடுத்தேன். ஒன்று மேசைக்கு வெளியே போனது. இன்னொன்று அவர் எல்போவில் விழுந்தது. அவருடைய பேட் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று திரும்பி, பந்து விரலில் பட்டுக் கீழே விழுந்தது. 1-3 என்று தோற்றேன்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. குட்டை சர்வ் நீண்டுபோகாமல் இருக்க என்ன செய்வது?

பயிற்சிக்கூடம்

சர்வில் பந்து முதலில் உங்கள் பக்கம் எங்கே குத்துகிறது என்று பாருங்கள் சார். மேசையின் பின்விளிம்பை ஒட்டிக் குத்தினால் நீளமாகத்தான் போகும். வலைக்குக் கொஞ்சம் பக்கமாகக் குத்த வேண்டும். பந்தை நெஞ்சு உயரத்தில் அடிக்காமல் வலையின் உயரத்துக்கு இறங்கவிட்டு அடியுங்கள், 15.25 சென்டிமீட்டர்தான். எதிர்ப்பக்கம் ஒரு சின்னத் துண்டை விரித்துப் போட்டு அதன்மேல் விழுகிறதா என்று தினமும் ஒரு கூடைப் பந்து போட்டுப் பழகுங்கள். போட்டவுடனே பேட்டைத் தொப்புளுக்கு முன்னால் கொண்டுவந்து, அரை அடி பின்னால் வந்து நிற்பதையும் சேர்த்தே பழக வேண்டும். சர்வ் தனி, நிற்பது தனி என்று பழகாதீர்கள்.

மதுரைப் பக்கம் வந்தால் ஒரு மாலை வந்துவிட்டுப் போங்கள். பிள்ளைகள் எல்போவுக்குப் போடுவார்கள்.

நீளப்பிம்பிள்

பொன்மலை ஐயா, பின்பக்கம் ரப்பர் ஒட்டினீர்களா?

பொன்மலை

ஒட்டிவிட்டேன் அம்மா. பேட் கனமாகிவிட்டது, மணிக்கட்டு வலிக்கிறது. நேற்று முதல் பந்து வலையைத் தாண்டியது.